மலைக் கொரில்லாவைப் பார்க்க எந்த மாதம் போகலாம்? சந்தேகங்களும் விளக்கங்களும்

மலைக் கொரில்லாவை உலகின் எந்த மிருகக்காட்சி சாலையிலும் பார்க்க முடியாது. அவை வாழ்வது இரண்டே இடங்களில்தான். ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு மூன்றும் சந்திக்கிற விருங்கா எரிமலைத் தொடர் ஒன்று. அதற்கு வடக்கே, உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பிவிண்டி காடு மற்றொன்று. கடைசிக் கணக்கெடுப்புகளின்படி விருங்காவில் 604, பிவிண்டியிலும் அதை ஒட்டிய காங்கோ பகுதியிலும் 459. மொத்தமே 1,063 உயிர்கள். நம் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் கூடுகிற கூட்டம்தான் அது.

அவற்றின் அருகில் ஒரு மணி நேரம் இருக்க ருவாண்டா வாங்கும் கட்டணம் ஆளுக்கு 1,500 டாலர். அதாவது ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். விமானம், விடுதி, வண்டி எல்லாம் தனி. இவ்வளவு செலவழித்துப் போகிறவர்கள் 'எப்போது போனால் நல்லது' என்று பத்துப் பேரிடம் விசாரிப்பது இயல்பு. அடிக்கடி வருகிற சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே.

பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே மாதங்களில்தான் விடுமுறை. அப்போது போகலாமா?

போகலாம். ஆனால் அங்கே ஆண்டின் கனத்த மழை பெய்வது அந்த மாதங்களில்தான் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கோடை என்றால் ஏப்ரல், மே என்பது நம் மனதில் ஊறிய கணக்கு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் அந்தக் கணக்கு செல்லாது. சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், அந்த ரேகைக்கு நேர் மேலே வருகிறது. அதைப் பின்தொடர்ந்து மழைப் பட்டையும் இரண்டு முறை கடந்துபோகிறது. அதனால் அங்கே இரண்டு மழைக்காலம், இரண்டு வறண்ட காலம். மார்ச் முதல் மே வரை பெருமழை. செப்டம்பர் பின்பாதி தொடங்கி டிசம்பர் முதல் வாரங்கள் வரை சிறுமழை. ஜூன் முதல் செப்டம்பர் முற்பாதி வரை நீண்ட வறண்ட காலம். டிசம்பர் பின்பாதியிலிருந்து பிப்ரவரி முடிய குறுகிய வறண்ட காலம்.

நம் பஞ்சாங்கத்தோடு பொருத்திப் பார்த்தால் கோடை விடுமுறை பெருமழையில் விழுகிறது. தீபாவளி விடுமுறை சிறுமழையில். அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் பொங்கலும் வறண்ட காலத்தில் வருகின்றன. தென்மேற்குப் பருவமழை கேரளத்தை நனைத்துக்கொண்டிருக்கும் ஜூலையில் அங்கே காட்டுப் பாதை காய்ந்து கிடக்கும்.

பெருமழை என்பதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 மே மாதத் தொடக்கத்தில் ருவாண்டாவின் மேற்கு, வடக்கு மாகாணங்களில் ஒரே இரவில் கொட்டிய மழையிலும் மண்சரிவிலும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். எல்லைக்கு அப்பால், உகாண்டாவின் கிசோரோ பகுதியிலும் வீடுகள் மண்ணுக்குள் போயின. கொரில்லா காடுகளுக்குப் போகும் சாலைகள் இந்த மலைச்சரிவுகளில்தான் ஓடுகின்றன. ஆண்டுதோறும் இப்படி நடப்பதில்லை. ஆனாலும் ஏப்ரல், மே பயணத்தில் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளாமல் திட்டம் போடுவது தவறு.

இன்னொன்று, 15 வயது நிரம்பாத பிள்ளைகளைக் கொரில்லா அருகே அனுமதிப்பதே இல்லை. சின்னப் பிள்ளைகளின் விடுமுறையை வைத்து மாதத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அங்கே போய் அவர்களை விடுதியில் விட்டுவிட்டு ஏறுகிற நிலைமை வேண்டாம்.

மழைக்காலத்தில் போனால் கொரில்லா கண்ணில் படாமல் போய்விடுமா?

இந்த அச்சம்தான் பலரையும் தடுக்கிறது. இதற்கு அடிப்படை இல்லை.

காரணம் தடம் பார்க்கும் ஊழியர்கள். சுற்றுலாப் பயணிகள் காலை உணவு முடிப்பதற்கு முன்பே அவர்கள் காட்டுக்குள் போய்விடுகிறார்கள். நேற்று மாலை ஒரு கொரில்லா குடும்பத்தை எங்கே விட்டு வந்தார்களோ அங்கிருந்துதான் இன்றைய தேடல் தொடங்கும். கொரில்லா ஒவ்வொரு இரவும் புதிதாகப் படுக்கை அமைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள செடிகொடிகளை இழுத்து மடக்கி, நடுவில் குழிந்த பெரிய கூடு ஒன்றைக் கட்டும். காலையில் அந்தக் கூட்டையும் அதில் கிடக்கும் சாணத்தையும் பார்த்து ஊழியர்கள் தடத்தைப் பிடிக்கிறார்கள். மிதிபட்ட புல், கடித்துப் போட்ட தண்டு, ஈரம் காயாத எச்சம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முன்னேறுவார்கள். குடும்பம் ஒரு நாளில் நகர்வது பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்தான். கண்டுபிடித்ததும் வயர்லெஸில் வழிகாட்டிக்குச் சொல்வார்கள். அந்தச் செய்தியை வைத்துத்தான் உங்கள் குழு நடக்கிறது. வெயில் மாதமானாலும் மழை மாதமானாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. சொல்லப்போனால் ஈர மண்ணில் தடம் இன்னும் தெளிவாகவே விழும்.

விருங்காவில் மழைக்குத் தனிச் சலுகை ஒன்றும் உண்டு. மழை விழுந்ததும் மூங்கில் காட்டில் குருத்துகள் முளைக்கும். கொரில்லாவுக்கு மூங்கில் குருத்து என்றால் உயிர். மூங்கில் பட்டை எரிமலைச் சரிவின் கீழ்ப்பகுதியில் இருப்பதால் குடும்பங்கள் கீழே இறங்கி வரும். வறண்ட மாதத்தில் மூன்று நான்கு மணி நேரம் ஏறிப் பார்க்க வேண்டிய குடும்பத்தை, மழை மாதத்தில் ஒரு மணி நேர நடையிலேயே பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. பிவிண்டியில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே மூங்கில் குறைவு, பழ மரங்கள் அதிகம். பழம் பழுக்கும் நாட்களில் கொரில்லாக்கள் அதைத் தேடிக் கூடுதலாக அலையும்.

ஆக, நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாதம் கொரில்லாவைக் காட்டுமா காட்டாதா என்பதைத் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு சேற்றில் நடப்பீர்கள், எவ்வளவு கூட்டத்தோடு போவீர்கள், கையிலிருந்து எவ்வளவு போகும் என்பவற்றைத்தான் தீர்மானிக்கிறது.

பார்க்கும் நேரத்தில் மழை வந்துவிட்டால் பணம் வீண்தானே?

மழை கனத்தால் கொரில்லா ஓடி ஒளிவதில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, கைகளை மார்போடு கட்டி, தலையைத் தாழ்த்திக்கொள்கிறது. வெள்ளி நிறம் பாய்ந்த முதுகோடு இருக்கும் தலைவன், இருநூறு கிலோவை நெருங்கும் அந்த உடம்பை ஒடுக்கிக்கொண்டு அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கிய பெரியவர் ஞாபகம் வரும். தோள் முடியின் நுனியில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கும். குட்டி, தாயின் மார்புக்கும் தொடைக்கும் நடுவில் புகுந்துவிடும். வெளியே தெரிவது ஒரு சின்னக் கை மட்டும்தான். மழை விட்டதும் பெரியவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு எழும். குட்டிகள் கொடியில் தொங்கத் தொடங்கும்.

வெயில் நாளில் கிடைப்பது வேறு காட்சி. காலையில் வயிறு நிறையத் தின்றபின் குடும்பம் முழுவதும் மல்லாந்தும் ஒருக்களித்தும் படுத்து ஓய்வெடுக்கும். பெரியவர்கள் கண் அயர, குட்டிகள் அவர்கள் மேல் ஏறிக் குதித்து விளையாடும். எது உயர்ந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. மழையில் பார்த்தவர்கள் ஏமாந்து போனார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மழை மாதத்திலும் நாள் முழுக்கப் பெய்வதில்லை. பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். மலையேற்றம் காலை எட்டு மணிவாக்கில் தொடங்குவதால், அருகில் இருக்கும் குடும்பம் கிடைத்தால் மழைக்கு முன்பே இறங்கிவிடலாம்.

வறண்ட மாதத்தில் போனால் நனையாமல் திரும்பலாம் அல்லவா?

உறுதி சொல்ல முடியாது. இவை மழைக்காடுகள். பிவிண்டியில் ஆண்டுக்கு 1,100 மில்லிமீட்டரிலிருந்து 2,400 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. 'வறண்ட காலம்' என்பதற்கு அங்கே 'மழை குறைந்த காலம்' என்றுதான் பொருள். 2020 பிப்ரவரி 3-ம் தேதி, குறுகிய வறண்ட காலத்தின் நடுவில், விருங்கா தொடரின் உகாண்டா பகுதியான மகாஹிங்கா பூங்காவில் நான்கு கொரில்லாக்கள் இறந்து கிடந்தன. ஹிர்வா என்ற குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பெண் கொரில்லாக்களும் ஓர் ஆண் குட்டியும். இறப்புக்குப் பெரும்பாலும் மின்னல்தான் காரணம் என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள இனத்தில் மூன்று பெண் கொரில்லாக்கள் ஒரே நாளில் போவது எத்தனை பெரிய இழப்பு! வறண்ட மாதத்தின் வானமும் அப்படிப்பட்டதுதான். மழைக்கோட்டு எந்த மாதத்திலும் பையில் இருக்கட்டும்.

ருவாண்டா, உகாண்டா இரண்டில் எது? மாதத்துக்குத் தகுந்து மாறுமா?

மாறும். விருங்கா தொடரின் ருவாண்டா பகுதியான வால்கனோஸ் தேசியப் பூங்காவுக்குத் தலைநகர் கிகாலியிலிருந்து இரண்டரை மணி நேரம்தான், தார்ச்சாலை. மழை மாதத்தில் போவதென்றால், பணம் இடம் கொடுத்தால், ருவாண்டாவைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். பயணிகள் எல்லோரும் கினிகி என்ற இடத்தில் காலையில் கூடுவார்கள். யார் எந்தக் குடும்பத்தைப் பார்ப்பது என்பது அங்கேதான் முடிவாகும். முழங்கால் வலி இருப்பவர்கள், வயதானவர்கள் அப்போதே தயங்காமல் சொல்லிவிட வேண்டும். அருகிலிருக்கும் குடும்பத்துக்கு அனுப்ப முயற்சி செய்வார்கள்.

உகாண்டாவில் கட்டணம் குறைவு. 2024 ஜூலை முதல் வெளிநாட்டவருக்கு 800 டாலர். ஆனால் எண்டெபே விமான நிலையத்திலிருந்து பிவிண்டிக்குச் சாலை வழி எட்டு முதல் பத்து மணி நேரம், கடைசிப் பகுதி செம்மண் பாதை. மழையில் அந்தப் பாதை வழுக்கும், வண்டி புதையும். பிவிண்டிக்குப் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, இன்குரிங்கோ என்று நான்கு வாசல்கள். பெர்மிட் (கட்டணம் கட்டி வாங்கும் அனுமதிச் சீட்டு) எந்த வாசலுக்கோ அந்த வாசல் அருகேதான் தங்க வேண்டும். வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிறதே என்று புஹோமாவில் அறை எடுத்துவிட்டு ருஷாகாவுக்குப் பெர்மிட் வாங்கினால், விடியும் முன் பல மணி நேரம் மலைப்பாதையில் ஓட வேண்டியிருக்கும். மழை நாளில் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ருஹிஜா உயரத்தில் இருப்பதால் குளிரும் அதிகம்; ஊட்டிக்குப் போவதுபோல் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிகாலியில் இறங்கி, எல்லை தாண்டி உகாண்டா போய்ப் பார்க்கிறவர்களும் உண்டு. ருவாண்டா, உகாண்டா, கென்யா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் ஒரே விசா கிடைக்கிறது. அதில் உகாண்டா கட்டணத்தையும் குறைந்த சாலைத் தூரத்தையும் சேர்த்துப் பிடித்துவிடலாம்.

காங்கோவில் கட்டணம் இவை இரண்டையும்விடக் குறைவு. அங்கிருக்கும் விருங்கா பூங்கா, 1925-ல் உருவான, ஆப்பிரிக்காவின் மிகப் பழைய தேசியப் பூங்கா. ஆனால் அந்தப் பகுதியில் நடக்கும் ஆயுத மோதல் ஓயும்வரை எந்த மாதமும் நல்ல மாதம் இல்லை.

கூட்டம் இல்லாத மாதத்தில் கட்டணம் குறையுமா?

விடுதிக் கட்டணம் குறையும். ஏப்ரல், மே, நவம்பரில் பேசிப் பார்த்தால் நன்றாகவே குறையும். பெர்மிட் கட்டணத்தில் சலுகை இருக்கிறதா என்பதைத் தனியாக விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு உகாண்டா அந்த மூன்று மாதங்களுக்குப் பெர்மிட்டையே குறைத்துத் தந்ததுண்டு. அந்த நினைப்பில் பழைய விலையை இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர் மட்டுமே பார்க்கலாம், அதுவும் ஒரே ஒரு முறை. ருவாண்டா முழுவதற்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ நூறு பெர்மிட்தான். ஜூலை, ஆகஸ்ட், கிறிஸ்துமஸ் வாரம் ஆகியவற்றுக்கு ஆறு மாதமாவது முன்னால் பதிவு செய்ய வேண்டும். 2005 முதல் ருவாண்டாவில் அந்தந்த ஆண்டு பிறந்த கொரில்லாக் குட்டிகளுக்குப் பெயர்சூட்டும் 'க்விட்டா இசினா' விழா பொதுவாகச் செப்டம்பரில் நடக்கிறது. அந்த நாட்களில் கினிகி சுற்றுவட்டாரத்தில் அறை கிடைப்பதே அரிது.

குட்டிகள் பிறக்கும் மாதம் என்று ஏதாவது உண்டா?

இல்லை. ஆண்டு முழுவதும் பிறக்கும். ஒரு தாய் ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் குட்டி போடும்.

நல்ல படம் எடுக்க எந்த மாதம் ஏற்றது?

இதில் மழை மாதங்களுக்கே என் ஓட்டு. கொரில்லா கறுப்பு. இலைகளுக்கிடையே உச்சி வெயில் திட்டுத்திட்டாக விழும்போது முகம் இருண்டும் இலை வெளுத்தும் போகும். மேகமூட்டத்தில் வெளிச்சம் சமமாகப் பரவி, கண்ணும் மூக்குச் சுருக்கமும் தெளிவாக வரும். எரிமலைகளைப் படம் எடுப்பதற்கும் இதே கதைதான். ஜூலை, ஆகஸ்டில் புழுதியும் வயல் எரிக்கும் புகையும் சேர்ந்து மலைகளை மங்கலாக்கிவிடும். மழை கழுவிவிட்ட காலையில் அவை துலக்கமாகத் தெரியும். பிளாஷ் கூடவே கூடாது.

தடுப்பூசிக்கும் பயணத் தேதிக்கும் சம்பந்தம் உண்டா?

நிச்சயமாக. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உகாண்டாவுக்குள் போக முடியாது. அங்கிருந்து சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் போதும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள் என்பதால் ஒரு மாதம் முன்னதாகவே விசாரித்துவிடுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேளுங்கள்.

என்ன உடுத்துவது?

கணுக்கால் மூடிய, பிடிமானமுள்ள பூட்ஸ். முழுக்கை, முழுநீளக் கால்சட்டை. அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிவிட வேண்டும், சாரை சாரையாகப் போகும் படையெறும்புகள் அங்கே உண்டு. கையுறை மிக முக்கியம். நம் ஊர்ச் செந்தட்டி போல, அதைவிடக் கடுமையாக அரிக்கும் செடிகள் பாதை நெடுக இருக்கின்றன. சறுக்கும்போது கை தானாக அதைத்தான் பிடிக்கும். வாசலிலேயே போர்ட்டர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். 'என் பையை நானே தூக்குவேன்' என்ற வீம்பு வேண்டாம். பக்கத்துக் கிராமத்து இளைஞருக்கு அது ஒரு நாள் கூலி. வழுக்கும் சரிவில் உங்களுக்கு அது ஒரு கை.

நீங்கள் போவதானால் எந்த மாதம் தேர்ந்தெடுப்பீர்கள்?

ஜனவரி இரண்டாம் வாரத்துக்கும் பிப்ரவரி கடைசிக்கும் நடுவில். கிறிஸ்துமஸ் கூட்டம் கலைந்திருக்கும், ஜூலை நெரிசல் இருக்காது, சிறுமழையில் துளிர்த்த காடு பச்சையாக இருக்கும், பாதையும் நடக்கும்படி இருக்கும். பொங்கல் முடிந்து கிளம்பலாம். அது தோதுப்படாவிட்டால் ஜூன் முதல் பாதி: மழை ஓய்ந்திருக்கும், வெளிநாட்டுக் கூட்டம் இன்னும் வந்திருக்காது.

எல்லா ஏற்பாடும் முடிந்து, போகிற வாரத்தில் சளி பிடித்துவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கலாமா?

கூடாது. பருவத்தைப் பற்றி இவ்வளவு கேட்கிற நாம் இதைக் கேட்பது குறைவு என்பது எனக்கு வருத்தம்.

கொரில்லாவின் உடற்கூறு மனிதனுக்கு மிக நெருக்கமானது. நமக்குத் தும்மலோடு போகிற கிருமி, அதை இதுவரை சந்திக்காத அந்த உடலில் நுரையீரல் வரை இறங்கும். 1996-ல் பிவிண்டியில் ஒரு குடும்பத்துக்குச் சொறி நோய் வந்து முடி உதிர்ந்தது. ஒரு குட்டி இறந்தது. அப்போது உகாண்டாவின் வனவிலங்கு மருத்துவராக இருந்த கிளாடிஸ் கலேமா சிகுசோகா மற்றவற்றுக்குச் சிகிச்சை அளித்துக் காப்பாற்றினார். காட்டை ஒட்டி வாழ்ந்த, மருத்துவ வசதி எட்டாத மனிதர்களிடமிருந்துதான் அது தொற்றியிருக்க வேண்டும் என்று தெரிந்ததும், கொரில்லாவைக் காக்க வேண்டுமானால் அந்த மக்களின் உடல்நலத்தையும் காக்க வேண்டும் என்று 2003-ல் அதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

இன்றைக்குப் பத்து மீட்டர் இடைவெளியும் முகக்கவசமும் கட்டாயம். குட்டிக்கு இடைவெளி தெரியாது. அதுவாகவே உங்களை நோக்கித் தத்தித் தத்தி வரும். அப்போது பின்னால் நகர வேண்டியது நீங்கள்தான். உங்களுக்கு இருமல் இருந்து, அந்தச் சரிவில் நகர இடமும் இல்லாவிட்டால் ஆபத்து அந்தக் குட்டிக்குத்தான்.

ஆகவே பயணத் திட்டத்தில் கொரில்லா நாளை முதல் நாளில் வைக்காதீர்கள். விமானத்தில் பிடித்த சளி வெளிப்பட இரண்டு மூன்று நாள் ஆகும். முதலில் மற்ற இடங்களைப் பார்த்துவிட்டு, நான்காவது ஐந்தாவது நாளில் மலை ஏறுங்கள். உடல்நலம் சரியில்லாவிட்டால் தேதி மாற்ற வழி உண்டா, பணம் எவ்வளவு திரும்பும் என்பதைப் பெர்மிட் வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழும்போது தொண்டை கரகரத்தால், வாசலில் நிற்கும் வழிகாட்டியிடம் அதை நீங்களே சொல்லிவிடுங்கள்.